முக்காலி டாக்டர்

அந்த அறுவைசிகிச்சை வார்டில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முக்காலி என்றால் போதும், துணி துவைக்கிற இடம் வரைக்கும் தெரியும். கிண்டலாகத்தான் அந்தப் பட்டத்தை வைத்தார் வார்டு சிஸ்டர். கோட்டில் எழுதிக் குத்திக்கொள்ளாத குறையாக இவள் அதை ஏற்றுக்கொண்டாள்.

படித்து முடித்து வேலைக்கு வந்த முதல் வருடம். புது டாக்டர் என்றால் ரத்தப் புட்டியைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடவும், காணாமல்போன எக்ஸ்ரே படத்தைத் தேடி அலையவும், பெரியவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டவும் பிறந்தவர் என்று அங்கே ஒரு நினைப்பு. ஓடினாள். அலைந்தாள். தலையாட்டுவது மட்டும் அவளுக்குக் கடைசிவரை கைவரவில்லை.

நோயாளிகளின் கட்டிலருகே போட்டு உட்காரும் முக்காலி அவள் அண்ணன் செய்து தந்தது. அவன் வெல்டர். மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிற மாதிரி மெல்லிய குழாயில் பற்றவைத்திருந்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் பள்ளியில் படிக்கும்போது அப்பா இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தன்னைப் பார்த்த டாக்டரின் முகம் அவருக்குக் கடைசிவரை தெரியாது. "பெல்ட்டுதான் தெரியும். கறுப்பு பெல்ட்டு, பித்தளைக் கொக்கி" என்பார். படுத்திருப்பவனுக்கு நிற்பவரின் இடுப்புதான் கண்ணுக்கு நேராக இருக்கும். யாருக்கும் பெல்ட்டாகப் போய்விடக் கூடாது என்று அவள் அப்போதே முடிவு செய்திருந்தாள்.

பெரிய டாக்டருக்கு அவள் இப்படி உட்கார்வது ஆகவே ஆகாது. அவர் கைராசிக்காரர், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் வார்டுக்குள் வந்தால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலத்தான் நடப்பார். அரைமணி நேரத்தில் முப்பத்தாறு கட்டில்.

"ஏம்மா, கால்ல பலம் இல்லையா?" என்று முதல் நாளே எல்லார் முன்னாலும் கேட்டார்.

"கால் நல்லாத்தான் சார் இருக்கு. அவங்க முகத்தைப் பாக்கணும், அதான்."

"என் வார்டுல டாக்டருங்க உக்கார மாட்டாங்க. தெரிஞ்சுக்கோ."

தெரிந்துகொண்டாள். அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் உட்கார்வாள், கேட்க வேண்டியதைக் கேட்பாள், முக்காலியை மடக்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்வாள். இப்படியே பதினோரு மாதம் ஓடியது. இன்னும் ஒரே மாதம். பயிற்சி வருடம் முடிந்ததாகப் பெரிய டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் காட்டினால் வேறோர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நல்ல வேலை தயாராக இருந்தது. தேதி தவறினால் அது வேறொருவருக்கு. அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பத்தொன்பதாம் கட்டில். மூட்டை தூக்குகிறவர், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஆறாவது நாள். பெரிய டாக்டர் தையலைப் பார்த்தார். "வயிறு வலிக்குதா? இல்லையா? நல்லது, வீட்டுக்குப் போகலாம்" என்று நகர்ந்துவிட்டார். இவள் முக்காலியை விரித்து உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேராக அவருடைய கால்கள். இடது கெண்டைக்கால் வலதைவிடத் தடித்திருந்தது.

"இந்தக் கால் எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"முந்தாநாள்லேருந்து டாக்டரம்மா. கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. பாத்ரூம் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்குது."

"ஏன் பெரிய டாக்டர்கிட்ட சொல்லல?"

"அவர் வயித்தைப் பத்தித்தானே கேட்டாரு?"

டேப் வைத்து அளந்தாள். நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். காலில் ரத்தம் உறைந்திருந்தால், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால், மனிதர் பஸ் நிறுத்தம் வரைக்கும்கூடப் போய்ச் சேர மாட்டார். எழுந்திருக்கக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் பெரிய டாக்டரிடம் ஓடினாள்.

வராந்தாவில் தள்ளுவண்டியில் இரண்டு பேர் கட்டிலுக்காக முனகிக்கொண்டிருந்தார்கள். பெரிய டாக்டரின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

"சுமை தூக்குறவன் கால் அப்படித்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டுல கையெழுத்துப் போடு."

"ஸ்கேன் எடுக்காம போட மாட்டேன் சார்."

"உன் சர்டிபிகேட்டுல நான்தான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்." அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "போட மாட்டேன்."

திரும்பிப் போய்ப் பத்தொன்பதாம் கட்டிலை மறித்து முக்காலியைப் போட்டு, எல்லார் கண்ணெதிரிலும் உட்கார்ந்தாள். வார்டே வாயைப் பிளந்தது. சிஸ்டர் ஒரு கணம் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "ஸ்கேன் ரூமா? இங்க முக்காலி உக்காந்துட்டா. நீங்க வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டா, சீக்கிரம் வாங்க" என்றார். கையோடு பக்கத்து வார்டில் சண்டை போட்டு இரண்டு கட்டிலும் வாங்கினார்.

ஸ்கேனில் தொடை வரைக்கும் ரத்தம் உறைந்திருந்தது. பெரிய டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். மருந்தைத் தன் கையாலேயே எழுதினார்.

பத்து நாள் கழித்து அவளைத் தன் அறைக்கு அழைத்தார். மேசைமேல் தட்டச்சு செய்த ஒரு தாள், அடியில் அவள் கையெழுத்துக்கு இடம். மூத்த மருத்துவரின் உத்தரவை மீறினார். டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்திட மறுத்தார். தடை செய்தும் வார்டில் உட்கார்ந்தார். ஆகையால் பயிற்சி இரண்டு மாதம் நீட்டிக்கப்படுகிறது. காத்திருந்த வேலை போய்விட்டது என்பது அந்தக் கடைசி வரியில் புரிந்தது.

"மன்னிப்பு எழுதிக் குடு. இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்" என்றார். குரலில் கொஞ்சம் கெஞ்சலும் இருந்ததோ என்னவோ.

அந்த அறையில் சின்ன டாக்டர்களுக்கு நாற்காலி கிடையாது. அவள் கக்கத்திலிருந்த முக்காலியை எடுத்து விரித்தாள். உட்கார்ந்தாள். தாளை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாக இன்னொரு முறை படித்தாள்.

"பத்தொன்பதாம் கட்டில்காரர் இப்பதான் நடந்து வீட்டுக்குப் போனார் சார். அவர் சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வர்றேன்" என்று பேனாவை எடுத்தாள். "இதுலயும் போடறேன். இதுல எழுதியிருக்கறது எல்லாம் உண்மைதானே."