பாதியில் எழுப்பாதவர்

மகளின் மொட்டைத் தலையில் சந்தனம் பூசும்போது, திருத்தணி மலையடிவாரத்தில் இப்போது இல்லாமல் போய்விட்ட அந்த வீடியோ கேம் கடைதான் எனக்கு மணக்கிறது. முடியிறக்கிய பிள்ளைகள் நேராக வந்து ஆடுவதால், அங்கே ஜாய்ஸ்டிக்கெல்லாம் சந்தனப் பிசுபிசுப்பாக இருக்கும். மலைக்கோயிலில் மொட்டையடிக்கும் வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போக வரும் அப்பா, நாளெல்லாம் குனிந்து வலித்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை பின்னாலேயே நிற்பார். "பாதி மழிச்ச தலையோட ஆளை எழுப்புவாங்களா? நீ முடிச்சிட்டே வா" என்பார்.

ஒரு மாலை, அவர் கால் மாற்றி மாற்றி நிற்பது டிவி கண்ணாடியில் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த பொம்மையை வேண்டுமென்றே குழிக்குள் விழவிட்டு எழுந்தேன்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "தினம் தாண்டுற குழிதானே கண்ணு அது?"