பாவட்டாமடுக் கிணறு

வெள்ளைக்காரக் கப்பற்படை திருகோணமலையை விட்டுப் போன வருசம், துறைமுகக் களஞ்சியத்தில் கழித்துப்போட்ட சாமான்களை ஏலத்தில் விற்றார்கள். தையற்காரி நஜ்முன் நிஸா ஒரு கட்டுப் பழைய வரைபடங்களை வாங்கி வந்தாள். படத்துக்காக அல்ல, பின்னால் ஒட்டியிருந்த நல்ல துணிக்காக. ஊறவைத்துக் காகிதத்தை உரித்தால் சட்டைக் கொலருக்கு உள்ளே வைத்துத் தைக்கலாம்.

வாளியில் தண்ணீர் நிரப்பிவிட்டு முதல் படத்தை விரித்தவள் அப்படியே குந்திவிட்டாள். பள்ளியில் படித்த இங்கிலீசு எழுத்துகளைக் கூட்டிக்கூட்டி வாசித்தாள்: பாவட்டாமடு. பக்கத்தில் ஒரு பள்ளிவாசல் குறி, ஒரு கிணற்றுக் குறி.

அது அவளுடைய உம்மா பிறந்த ஊர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரர் முகாம் போடவென்று எல்லோரையும் ஒரு கிழமைக்குள் கிளப்பிவிட்டார்கள். சண்டை முடிந்தது, முகாமும் போனது. கிளம்பிய சனத்தைத் திரும்பி வரச்சொல்லத்தான் யாருமில்லை. உம்மா மௌத்தாகிக் கண்மூடும் வரைக்கும் ஊரைத் திருப்பிக் கேட்டுக் காணிக் கந்தோர் அதிகாரிகளிடம் நடந்தார். "அங்க ஒருக்காலும் ஊர் இருக்கேல்ல, காடுதான்" என்று திருப்பி அனுப்பினார்கள்.

நஜ்முன் நிஸா படத்தைச் சுருட்டிக்கொண்டு அதே கந்தோருக்குப் போனாள். அதிகாரி அதைத் தொடவே இல்லை.

"இது பழைய படம் அம்மா. இப்பத்தைய படத்தில காடு. காட்டுக்குள்ள போனா வழக்கு வரும்."

"உங்கட படம் காடெண்டு சொன்னா, எங்கட உம்மா என்ன மரத்திலயா பிறந்தவ?"

படத்தில் ஒரு அங்குலம் நிலத்தில் ஒரு மைல். தையல் நாடாவால் அளந்துகொண்டு, கணவர் லாபிரோடு கண்டி ரோட்டிலிருந்து உள்ளே நடந்தாள். முதல் தடவை வழி தவறிவிட்டது. வேறொரு குளக்கட்டில் ஏறிப் போய், யானை லத்தியையும் முள்ளையும்தான் கண்டார்கள். "காட்டுக்குச் சட்டை தைக்க அளவெடுக்கிறாள்" என்று கடைவீதியே சிரித்தது. லாபிருக்கும் அலுத்துவிட்டது.

"போதும், விடு."

"நீங்க நில்லுங்க. நான் போறன்."

அவர் முனகிக்கொண்டே பின்னால் போனார். இந்தத் தடவை படத்திலிருந்த ஓடையைப் பிடித்து நடந்தார்கள். ஓடை வளைகிற இடத்தில், துருப்பிடித்த முட்கம்பிச் சுருளுக்கு அடியில், கல்லால் கட்டிய கிணற்று வாய் தட்டுப்பட்டது. உள்ளே மண் மூடித் தூர்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளி மையித்து அடக்கிய இரண்டு கபுறுகள், தலைமாட்டு மீசான் கற்கள் சாய்ந்தபடி. லாபிர் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓதத் தொடங்கினார். அவள் அழவில்லை. கம்பியைப் பிடித்து இழுத்தாள், கை கிழிந்தது.

அன்று கிளம்பிப் போய்க் கிண்ணியாவில் சிதறிக் கிடந்த சொந்தக்காரர் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். தூர் வாரிய கிணறு தண்ணீர் கண்டது, சனமும் அங்கேயே தங்கியது. அதைக் கேள்விப்பட்டு அதிகாரி ஜீப்பில் வந்து எல்லோரையும் எழும்பிப் போகச் சொன்னார். சனம் தயங்கியது. நஜ்முன் நிஸா டவுனுக்குப் போய்த் தையல் மெசினை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கிணற்றடி நிழலில் வைத்து மிதிக்கத் தொடங்கினாள்.

"வழக்குப் போடுங்க. நான் படத்தோட வாறன்."

போட்டார்கள். நீதவான் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஊர் இருந்தது மெய்தான், காணி அரசாங்கத்துடையது என்று சொல்லித் தண்டம் விதித்தார். அவள் கட்டினாள். கோட்டு வாசலிலிருந்து நேரே கிணற்றடிக்கே போனாள்.

எழுபதுகளில் அங்கே ஓலைக் குடிசைகளும் மிளகாய்த் தோட்டமும் வந்துவிட்டன. குடியிருக்க அனுமதிப் பத்திரம் மட்டும் வரவில்லை. புதிதாக மாறி வருகிற ஒவ்வொரு அதிகாரியும் ஒருக்கால் வந்து அதட்டிப் பார்ப்பார். நஜ்முன் நிஸா அவர் இருக்கக் கதிரை எடுத்துப் போடுவாள்.

"இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க சேர். நாங்க போகமாட்டம்."