பன்னிரண்டு மணிக் கோயில்

நன்னிலத்துக்கு அருகே, வயல்களுக்கு நடுவே ஒரு பழைய மாதா கோயில். செங்கல், சுண்ணாம்பு, கடுக்காய்ச் சாறு என்று, அதன் மணிக்கூண்டு கட்டப்பட்ட கதையை, கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் சுற்றிப் பார்க்க வந்த எனக்குச் சொல்கிறார். எந்தக் காலம் என்று கேட்டால் மட்டும், "ரொம்பப் பழசுங்க" என்கிறார். நான் விடுவதாக இல்லை. அவர் தினமும் பார்க்கும் வளைவுகளின் அழகை அவருக்கே விளக்குகிறேன். மரியாதைக்குத் தலையாட்டுகிறார். பன்னிரண்டு மணிக்கு அவர் அடிக்க வேண்டிய மத்தியான ஜெப மணியை இருவருமே மறந்துவிட்டோம்.

பன்னிரண்டரைக்கு, முழங்கால் சேறோடு ஒரு பெண் வாசலில் வந்து நிற்கிறார். நெற்றியில் திருநீறு. இடுப்பில் செல்போன் இருந்தாலும், இந்த மணி அடித்தால்தான் நடவுப் பெண்கள் சாப்பாட்டுக்குக் கரையேறுவது இங்கே வழக்கமாம்.

அவர் என்னைப் பார்த்துச் சொல்கிறார்:

"சார், கோயில் இன்னும் நூறு வருசம் தாங்கும். எங்க இடுப்பு தாங்காது. அவர மணியடிக்க விடுங்க."