அலமாரிக்குப் பூக் கட்டிப் பார்த்தது

பிள்ளைகளே, நம் வீட்டு வெள்ளை அலமாரி ஏன் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிற்கிறது என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். பெருக்க வசதி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த இடுக்கை நம் வீட்டில் யாரும் பெருக்கியதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அலமாரியால் நடந்த கூத்து உங்களுக்கு ஞாபகமிருக்கும். கடைசியில் நடந்தது தெரியாது. அதனால் முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன்.

இந்த வீட்டில் எந்தப் பொருளும் என் விருப்பப்படி வந்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. சுவருக்குச் சந்தன நிறம் உங்கள் அம்மா சொன்னது. திரைச்சீலை உங்கள் மாமா வாங்கி வந்தது. சோபா உங்கள் தேர்வு. அதில் எனக்கு உட்கார இடம் கிடைப்பதே அபூர்வம். ஒரே ஒரு பொருளாவது என் கண்ணுக்குப் பிடித்த நிறத்தில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். கூடுவாஞ்சேரியில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வெளியே வந்த தேக்கு அலமாரி அந்த நேரம் பார்த்துக் கண்ணில் பட்டது. குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் வந்து சேர்ந்தேன்.

பெயிண்ட் வாடை ஆகாது என்று அம்மா மாடிக்கு ஏற்ற விடவில்லை. கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் வைத்துத்தான் வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுத்துப்போயிருந்த வார்னிஷை எடுத்தேன். அப்புறம் ரெட் ஆக்ஸைடு. அது இரும்புக்கு அடிப்பது, மரத்துக்கு அல்ல என்று எனக்கும் தெரியும். திருமுடிவாக்கத்துப் பட்டறையில் வருகிற இரும்புக்கெல்லாம் முதலில் அதைத்தான் அடிக்கிறோம். அந்தச் செங்கல் நிறத்தைப் போல அழகு எனக்கு வேறில்லை. அதன் மேல் வேறு பெயிண்ட் அடித்து மூடும்போதெல்லாம் மனசு என்னவோ செய்யும். அலமாரியை மட்டும் மூடக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். வெறும் சிவப்பு மொட்டையாகத் தெரிந்ததால், டேப் ஒட்டி நடுநடுவே நெட்டுவாக்கில் வெள்ளைப் பட்டை போட்டேன். என்னமாய் இருந்தது தெரியுமா!

சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. வேப்பமரத்தடி. ஆடி மாதம், வியாழக்கிழமை சாயங்காலம். படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை பால் வாங்க இறங்கினால், அலமாரிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கைப்பிடியில் எலுமிச்சம்பழம் சொருகியிருந்தது. தெருமுனைப் பூக்கார அக்கா அதன் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், நடை எப்போ தொறப்பாங்கோ?”

“அக்கா, இது அலமாரி.”

“வூட்டுக்குள்ள இருந்தா அலமாரி. இது மரத்தாண்ட கீதே!”

ஓர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, “எந்த அம்மன் சார்?” என்றார்.

பேசிப் பயனில்லை என்று கதவைத் திறந்து காட்டினேன். மேல் தட்டில் பெயிண்ட் டப்பா. கீழ்த் தட்டில், வேலை செய்யும்போது நான் கட்டுகிற நீலக் கட்டம் போட்ட லுங்கி, மடித்தபடி.

ஆட்டோக்காரர் குனிந்து பார்த்தார். “அம்மனுக்கு லுங்கியா?”

“ஆம்பள சாமிய்யா. முனீஸ்வரன்” என்று பூக்கார அக்கா தீர்த்துச் சொல்லிவிட்டு, ஒரு முழம் கதம்பத்தை லுங்கியின் மேல் வைத்தார். மத்தியானத்துக்குள் யாரோ சுருட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இனியும் வெளியே விட்டால் கையை விட்டுப் போய்விடும், உடனே மேலே ஏற்றிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“ஏங்க, நாலு பேர் சாமின்னு கும்பிட்டாச்சு. அதுல போய் உங்க பனியனை அடுக்கப் போறீங்களா?”

“அது நான் வாங்கின அலமாரி.”

“அதை முனீஸ்வரன்கிட்டப் போய்ச் சொல்லுங்க.”

பூக்கார அக்காதான் வழி சொன்னார். பூக் கட்டிப் பார்ப்பது. ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் மல்லி. அரளி வந்தால் மரத்தடியிலேயே இருக்கும். மல்லி வந்தால் வீட்டுக்குப் போகலாம். நான் வாங்கிய அலமாரி என் வீட்டுக்கு வர, அதனிடமே உத்தரவு! கை கூப்பி நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். யாரை என்று கேட்காதீர்கள்.

சின்னவளே, பள்ளிக்கூடம் விட்டு வந்த உன்னைத்தான் யூனிஃபார்மோடு எடுக்கச் சொன்னார்கள். நீ பிரித்துப் பார்த்து, “அப்பா, மல்லி!” என்று கத்தினாய். முடிவு பார்க்க மறுபடி வந்திருந்த ஆட்டோக்காரரை நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார். “வெள்ளைப் பூ வந்திருக்குங்க. சாமி வெள்ளை கேக்குது.”

“வீட்டுக்குப் போகலாம்னுதானே பேச்சு?”

“போகலாம். வெள்ளையாப் போகச் சொல்லுது.”

“வூட்டுக்காரம்மா சொல்றது கரெக்ட்டு சார். அவரே கேட்டுட்டாரு, நீ இன்னாத்துக்கு முறைக்கிறே?” என்றார், நான் கட்டிப் பிடித்த அதே ஆட்டோக்காரர். பூக்கார அக்காவும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அடித்தேன். சிவப்பு தெரியாமல் மறைய மறுபடி மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. மேலே ஏற்றி வைத்ததும், பெரியவனே, “இப்பதாம்பா வீட்டுக்கு மேட்ச்சா இருக்கு” என்று சொன்னாய். ஆமாம் என்றேன்.

அடுத்த வாரம் நீங்கள் மூவரும் பொத்தேரிக்கு மாமா வீட்டுக்குப் போனீர்கள். எனக்கு விடுமுறை. அந்த லுங்கியைக் கட்டிக்கொண்டு, அலமாரியைத் திருப்பி, மிச்சமிருந்த ரெட் ஆக்ஸைடை முதுகுப் பலகைக்கு அடித்தேன். ஃபேனைப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டு, டேப் ஒட்டி, பழையபடி வெள்ளைப் பட்டை போட்டேன். நீங்கள் வருவதற்குள் திரும்பவும் சுவர்ப் பக்கம் தள்ளினேன். முழுக்கத் தள்ள மனசு வரவில்லை. ஒரு சாணோடு நிறுத்திவிட்டு, சுவரில் கன்னத்தை வைத்து, செல்போன் டார்ச்சை அந்த இடுக்கில் அடித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.