நாலாவது அடியில் ஈரம்

இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல. எனக்கே நடந்தது. நடந்த நேரங்கள் நிமிடம் தவறாமல் ஒரு கருவியின் மெமரியில் இருக்கின்றன. அந்தக் கருவியைச் செய்தவளும் நான்தான். நடுராத்திரி, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எல்லாமே பகலில், ட்யூப் லைட் வெளிச்சத்தில் நடந்தது.

என் அண்ணன் தச்சன். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஒரே பட்டறைதான் இரண்டு பேருக்கும். முன்பக்கம் அவனுடைய மரத்தூள், பின்பக்கம் என்னுடைய சால்டரிங் புகை. அவன் செய்து கொடுத்த அலமாரிகள் மழைக்காலத்தில் திறக்க முடியாமல் திரும்பி வந்தன. மரம் சரியாகக் காய்வதற்குள் அறுத்துவிடுகிறோம் என்பது அவனுக்குத் தெரியும், எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதுதான் தெரியாது. "சட்டைப் பையில போட்டுக்கிற மாதிரி ஒரு மீட்டர் செஞ்சு குடு" என்றான்.

இரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். முனையில் இரண்டு ஊசிகள். மரத்தில் குத்தினால், ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்த்து, ஈரத்தைச் சதவீதமாகத் திரையில் காட்டும். இருபதைத் தாண்டினால் 'பீப்' அடிக்கும். அண்ணன் என் பெயரை மறந்தே போனான். "என்ன மீட்டர், சாப்பிட்டியா, இல்ல சார்ஜ் போட்டுக்கிட்டியா?" என்பான்.

சோதனைக்கு ஒரு கதவு வைத்திருந்தோம். ஏழு வருஷத்துக்கு முன் அண்ணன் செய்த தேக்குக் கதவு. கேட்டவர் வாங்காமலே விட்டுவிட்டதால் சுவரில் சாய்ந்து நின்றது. நன்றாகக் காய்ந்த மரம். எந்த நாளில் எங்கே குத்தினாலும் பதினொன்றுதான் காட்டும். அதில் கீழிருந்து அரை அடிக்கு ஒரு கோடு போட்டு, தினமும் ஒவ்வொரு கோட்டிலும் குத்திப் பார்ப்பேன். பதினொன்று வந்தால் கருவி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அண்ணன் கிளம்பினான். நல்ல மழை.

"எங்கே போற?"

"பழைய மரம் ஒண்ணு பாக்க. மத்தியானம் வந்துருவேன்."

எங்கே என்று அவன் சொல்லவில்லை, நானும் தோண்டித் துருவவில்லை. இடிக்கப் போகும் கட்டடத்தில் நல்ல உத்தரம் இருக்கிறது என்று தெரிந்தால் இந்தத் தொழிலில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். காற்றுக்குக் காது முளைத்து இன்னொரு தச்சன் முந்திக்கொள்வான். கட்டின பெண்டாட்டியிடமும் சொல்வதில்லை, கூடப் பிறந்தவளிடமும் சொல்வதில்லை.

மத்தியானம் அவன் வரவில்லை. போன் போகவில்லை.

சாயங்காலம் 5.10. வழக்கம்போல் கதவைக் குத்தினேன். முதல் கோடு, தரையிலிருந்து அரை அடி.

பீப்.

திரையில் 31.

இரண்டாவது கோட்டில் பதினொன்று. அதற்கு மேலே எல்லாமே பதினொன்று. கீழே கையை வைத்துப் பார்த்தேன். மரம் காய்ந்துதான் இருந்தது. தரையும் காய்ந்திருந்தது. ஊசியில் ஏதோ அழுக்கு என்று துடைத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் போலீஸில் எழுதிக் கொடுத்தோம். அண்ணி வீட்டில் இருக்கமாட்டேன் என்று பட்டறைக்கே வந்துவிட்டாள். அவனுடைய ஸ்டூலில், அவனுடைய போன் நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. மீட்டரை எடுத்தேன்.

செவ்வாய் காலை 9.30. மூன்றாவது கோடுவரை ஈரம். ஒன்றரை அடி.

செவ்வாய் சாயங்காலம் 6.15. ஐந்தாவது கோடு. இரண்டரை அடி.

மரம் தண்ணீரை உறிஞ்சினால் அது திட்டுத்திட்டாக, கோணல்மாணலாக ஏறும். இது ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஏறியது. கோட்டுக்குக் கீழே 32, 33. ஒரு விரல் மேலே போனால் பதினொன்று. கதவைக் கீழிருந்து யாரோ தொட்டியில் இறக்குவதுபோல் இருந்தது.

பேட்டரியை மாற்றினேன். மரத்துக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை ஊசிகளில் மாட்டிப் பார்த்தேன். எவ்வளவு காட்ட வேண்டுமோ அவ்வளவு காட்டியது. அலமாரியைக் குத்தினேன், மேசையைக் குத்தினேன். எல்லாம் சரி. அந்தக் கதவு மட்டும்...

"என்ன காட்டுது?" அண்ணி கேட்டாள்.

"ஈரம்னு காட்டுது அண்ணி. பொய்."

"ஏன் பொய்?"

நான் ஊசிகளை மறுபடி துடைத்தேன்.

புதன் காலை 10.20. எட்டாவது கோடு. நாலு அடி. எனக்கு நெஞ்சு உயரம்.

பீப்... பீப்... பீப்...

அண்ணி எழுந்து வந்து கதவில் காதை வைத்தாள். அப்படியே நின்றாள்.

"தட்டுற சத்தம் கேக்குது."

"மரம் காயும்போது அப்படித்தான் சத்தம் போடும்."

"ஈரம்னு காட்டுதுன்னு சொன்ன. இப்ப காயுதுங்கிற."

நானும் காதை வைத்தேன்.

டொக்... டொக்...

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

டொக்.

அது ஒரே பலகை. உள்ளே வெற்றிடம் கிடையாது. பின்னால் இருப்பது செங்கல் சுவர்.

"அவர் தண்ணில நிக்கிறார்" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "எங்கேயோ தரைக்குக் கீழே மாட்டிக்கிட்டார். தண்ணி ஏறுது. போலீஸ்ல சொல்லு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? லேப்டாப்பைத் திறந்தேன். கருவிகள் நாள்பட நாள்பட அளவில் கொஞ்சம் விலகும்; அதைச் சரிக்கட்ட ஒரு திருத்தம் எழுதுவது எங்கள் வேலையில் சகஜம். அதை எழுதினேன். இந்தக் கதவில் எவ்வளவு அதிகமாகக் காட்டினாலும் பதினொன்றுக்கு இறக்கிக் காட்டு என்று எழுதினேன். மெமரியில் இரண்டு எண்கள் பதிவாகும்: மரம் சொன்னது ஒன்று, நான் திருத்தியது ஒன்று. திரைக்கு வருவது என்னுடையது மட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் பதியும்படி வைத்து, எட்டாவது கோட்டில் மீட்டரைக் குத்தி அப்படியே விட்டேன்.

11.30. திரையில் பதினொன்று. பீப் இல்லை.

அண்ணன் எங்கேயோ தண்ணீரில் நிற்பதைவிட என் சர்க்யூட் கெட்டுப்போயிருப்பது மேல் என்று நினைத்தேன். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

12.15க்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர், கடுமையாக எதுவும் பேசவில்லை. அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். கதவு, கோடுகள், தட்டும் சத்தம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்கம்மா. தரைக்குக் கீழ இருக்கிற இடமாப் பாத்துத் தேடணுமா?"

அண்ணி என் கையைப் பிடித்திருந்தாள்.

"மீட்டர்ல கோளாறு சார். சரி பண்ணிட்டேன்."

அண்ணியின் கை விலகியது. அவள் மறுபடி ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானத்துக்கு மேல் மழை விட்டது. அதற்குப் பிறகு நான் கதவில் காது வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை 3.40க்கு அவனைக் கண்டுபிடித்தார்கள். மூடிக் கிடந்த ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில். உடைக்க வந்த ஆட்கள் தண்ணீரை இறைக்க மோட்டார் போட்டிருக்கிறார்கள். கதவு திறக்காமல் கோடாலியால் பிளந்தார்களாம். உள்ளே இருக்கும் மரம் நனையக்கூடாதே என்று அவனே நுழைந்ததும் கதவை இழுத்துச் சாத்தியிருக்கிறான். பழைய கதவு ஈரத்தில் உப்பி, நிலையோடு இறுகிவிட்டது. தண்ணீர் சுவர் வழியாக வந்திருக்கிறது.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததும் தீயணைப்பு வீரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"கதவோட உள்பக்கம் பாருங்க."

பிளந்த பலகையில் பென்சில் கோடுகள். தண்ணீர் ஏற ஏற அவன் போட்டவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம், அவனுடைய குண்டு குண்டு எழுத்தில்.

அரை அடி. திங்கள் 5.10.

ஒன்றரை. செவ்வாய் 9.30.

இரண்டரை. செவ்வாய் 6.15.

நாலு. புதன் 10.20.

அதற்கு மேலே கோடு இல்லை. மழை விட்டதும் தண்ணீர் நாலு அடியோடு நின்றுவிட்டது.

"மூழ்கலைம்மா" என்றார் டாக்டர். "கீழே அடுக்கிக் கிடந்த உத்தரங்க மேல ஏறி உக்காந்திருக்கார். நெஞ்சு வரைக்கும் தண்ணி. குளிரும் களைப்பும்தான். நேத்து காலைவரைக்கும் உயிர் இருந்திருக்கு."

நேற்று என்றால் வியாழன்.

எங்கள் ஊரில் நிலவறை உள்ள பழைய கட்டடங்கள் மூன்றுதான் என்று சப்-இன்ஸ்பெக்டர் பிறகு சொன்னார். மூன்றையும் பார்க்க ஒரு மணி நேரம் போதும். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை, எல்லாம் முடிந்த பிறகு, பட்டறையைத் திறந்தேன். மீட்டர் கதவில் குத்தியபடியே இருந்தது. திரையில் பதினொன்று. நான் திருத்திய எண்களை ஒதுக்கிவிட்டு, மரம் சொன்ன எண்களைத் திறந்தேன்.

புதன் 12.20: 33. சப்-இன்ஸ்பெக்டர் அப்போது என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

புதன் மாலை 6.00: 33.

ராத்திரி முழுக்க 33. பத்து நிமிடத்துக்கு ஒன்று.

வியாழன் காலை 6.10: 33.

6.20: 33.

6.30: 11.

பத்து நிமிடத்தில் எந்த மரமும் அப்படிக் காயாது. எனக்குத் தெரிந்த எவரும் இதற்கு விளக்கம் சொன்னதில்லை. அண்ணி மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சார் வந்துட்டுப் போனப்போ இவர் இருந்தாரா?"

"இருந்தான் அண்ணி."

அவள் அழவில்லை. மீட்டரை வாங்கி, அந்த எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் படித்தாள். ராத்திரி பூராவும்.

செத்தவர்கள்தான் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று சொல்வார்கள். என் அண்ணன் உயிரோடு இருந்தபோது வந்து தட்டினான். இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் அந்தக் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒருமுறைகூட அவன் வரவில்லை.