திலகம் அக்கா தட்டிய கடிதம்

திலகம் அக்காவிடம் யார் பொய் சொன்னாலும் அவர் மறுத்துப் பேசமாட்டார். பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு, "சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்பார். அதற்கு மேல் யாருக்கும் பொய் வராது.

கோலா சிலாங்கூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மீரா சாகிபு முதலாளியின் மின்சாதனக் கடை இருந்தது. அங்கே அக்கா பதினோரு வருடமாக டைப்பிஸ்ட். நானும் செல்லையாவும் இருசப்பனும் வயரிங், ரேடியோ வேலைகள் பார்த்தோம். அக்கா தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மகள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவர். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் வாசித்து வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அதை அவர் கடைவாசலிலும் வைத்தார். நாங்கள் மூன்றே பேர், அவர் கண்ணெதிரிலேயே நிற்போம். இருந்தாலும் பெயர் வாசிப்பார்.

"இருசப்பன்?"

"இங்கதானக்கா நிக்கறேன்."

"நிக்கறது தெரியுது. வந்தேன்னு சொல்லு."

எண்பத்தாறாம் ஆண்டு கடைக்கு ஓர் அரசாங்க வேலை கிடைத்தது. தொலைபேசி போகாத ஐந்து கிராமக் கிளினிக்குகளுக்கு ரேடியோ பொருத்த வேண்டும். பிரசவம் சிக்கலானால் தாதி அதில் பேசி ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். கொந்தராக் என்கிற ஒப்பந்தம் நாற்பது பக்கம். ரேடியோவைப் பற்றி அதில் நான்கு பக்கம்தான்; மற்றதெல்லாம் வேலையை எப்படி நடத்த வேண்டும் என்பது. பொறுப்பாக ஒரே ஒரு நிர்வாகி, பெயரோடு. வெள்ளிக்கிழமைதோறும் அவர் கையெழுத்தில் ஓர் அறிக்கை. ஒவ்வொரு கட்டத்துக்கும் புகைப்படம். தாமதமானால் காரணம்.

அந்த நாற்பது பக்கத்தையும் படித்தவர் கடையில் அக்கா ஒருவர்தான். நிர்வாகி என்று யார் பெயரைப் போடுவது என்று கேட்டபோது முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உன் பேரையே போடு தாயி. பேருதானே."

அக்கா போட்டார். முதல் கூட்டத்துக்கு அவர் போனபோது, சுகாதார இலாகாவின் அதிகாரி என்சிக் ரோஸ்லான் இவருக்குப் பின்னால் யாராவது ஆண் வருகிறாரா என்று கதவைப் பார்த்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்றும் கேட்டார். அக்கா படிப்பைச் சொல்லிவிட்டு, இரண்டு மாத வேலை அட்டவணையை மேசையில் விரித்தார். கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டது. அதிகாரி நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வேலை அக்காவுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அவருடைய அக்காள் இராஜம்மாவுக்குத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், லோரியிலேயே பிள்ளை பிறந்தது. அவனை இன்றைக்கும் லோரி ராஜு என்றுதான் கூப்பிடுகிறார்கள். "அவன் பொழைச்சிக்கிட்டான், அதனால சிரிக்கிறோம்" என்று ஒருமுறை அக்கா சொன்னார்.

அசாம் ஜாவாவில் தொடங்கி நான்கு கிளினிக்குகள் குறித்த நாளில் முடிந்தன. கடைசி, சுங்கை ஆயர் தாவார். அங்கே ஏரியலுக்கு அறுபதடி இரும்புத் தூண் நிறுத்த வேண்டும். அடித்தளத்துக்குக் காங்கிரீட் போட்டு, பதினான்கு நாள் விட்டுத்தான் தூக்க வேண்டும் என்று கொந்தராக்கில் இருந்தது. ஐந்தாம் நாள் அக்கா இலாகா அலுவலகம் இருக்கும் ஷா ஆலத்துக்குப் போயிருந்தார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி இரவல் கிரேன் லோரியோடு வந்து இறங்கினார். இன்றைக்கு விட்டால் கிரேன் கிடைக்காது என்றார். காங்கிரீட்டைச் செருப்பால் அழுத்தினார். "காஞ்சிருச்சி லா. தூக்குங்கடா."

தூக்கினோம். மாலைக்குள் அடித்தளத்தில் மயிரிழை போல் ஒரு விரிசல் ஓடியது. முதலாளி அதன்மேல் சிமெண்டு பூசச் சொன்னார். செல்லையா பூசினான்.

மறுநாள் பெரட்டில், நேற்று என்ன வேலை நடந்தது என்று அக்கா கேட்டார். மூவரும் தரையைப் பார்த்தோம். அவர் பேனா மூடியைக் கழற்றினார். இருசப்பன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அக்கா அப்போதே பஸ் ஏறிப் போய்த் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். தூண் இரண்டு விரல் சாய்ந்திருந்தது.

அந்த வார அறிக்கையில், காய்வதற்குமுன் தூக்கிவிட்டோம், அடித்தளத்தை உடைத்து மறுபடி போட வேண்டும், மூன்று வாரம் தாமதமாகும், தவறு எங்களுடையது என்று மலாயில் எழுதினார். எழுதியதை முதலாளிக்குத் தமிழில் வாசித்தும் காட்டினார்.

"நம்ம கண்ண நாமளே குத்திக்கணுமாம்மா? பூசியாச்சு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுதே முதலாளி. கீழ என் கையெழுத்துல்ல இருக்கு."

முதலாளி கெட்டவர் அல்ல. ஆனால் அன்று அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். மச்சான் மகன் ஹபீபுல்லா கோலாலம்பூரில் டிப்ளோமா முடித்துவிட்டு வந்திருந்தான். இனி அவன்தான் நிர்வாகி, இலாகாவுக்குக் கடிதம் எழுது என்றார். கடையில் டைப் அடிக்கத் தெரிந்தவர் அக்கா மட்டுமே. தன்னை நீக்கும் கடிதத்தை அவரே அடித்தார். பாதியில் கை நின்றது.

"மாத்திட்டோம்னு எழுத முடியாது முதலாளி. மாத்தறதுக்கு அனுமதி வேணும்னு கேக்கணும். அப்படித்தான் கொந்தராக்ல இருக்கு."

"கேட்டுத் தொலை."

தாளை உருவி, புதுத் தாள் போட்டு, அனுமதி கேட்டு அடித்தார். பிறகு டைப்ரைட்டரை மூடிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். குழாய் நெடுநேரம் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, கடிதத்தையும் தன் அறிக்கையையும் ஒரே உறையில் போட்டார். "பதில் வர்ற வரைக்கும் நான்தான் நிர்வாகி" என்றார்.

அடுத்த புதன்கிழமை அக்கா, முதலாளி, ஹபீபுல்லா மூவரையும் ஷா ஆலத்துக்குக் கூப்பிட்டார்கள். ரேடியோ பற்றிக் கேட்டால் பதில் சொல்ல நானும் போனேன். தூணை நிறுத்தச் சொன்னது யார் என்று என்சிக் ரோஸ்லான் கேட்டார். அக்கா எழுந்து, "வேலைக்கு நான்தான் பொறுப்பு, துவான்" என்றார். முதலாளி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சொன்னது தான்தான் என்றார்.

அதிகாரி ஹபீபுல்லாவிடம், காங்கிரீட் எத்தனை நாள் காய வேண்டும் என்று கேட்டார். தான் இன்னும் கொந்தராக்கைப் பார்க்கவில்லை என்று அவன் உண்மையைச் சொன்னான்.

"எனக்கு வரும் அறிக்கைகளில் எல்லா வேலையும் நன்றாகத்தான் நடக்கிறது" என்றார் அதிகாரி மலாயில். "நேரில் போனால்தான் விஷயம் தெரியும். போகாமலே தெரிந்துகொண்டது இந்த ஓர் அறிக்கையில்தான். நிர்வாகியை மாற்ற அனுமதி இல்லை."

தாமதத்துக்கான அபராதம் அபராதம்தான் என்றும் சொன்னார். மூன்று வாரம் போதுமா என்று அக்காவைக் கேட்டார். மழைக்காலம், நான்கு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார் அக்கா.

லோரியில் திரும்பும் வழியில், ஜெராமில் முதலாளி தேநீருக்கு நிறுத்தினார். பாதிக் கோப்பை குடித்தபிறகு, அக்காவைப் பார்க்காமல் கேட்டார்.

"எத்தன மூட்ட சிமெண்டு வேணும்?"

"பன்னெண்டு. மணலும் வேணும். கடல் மணலு வேணாம்."

"ஆளு?"

"இவுங்க மூணு பேரும் போதும். பூசின செல்லையாவே மொதல்ல ஒடைக்கட்டும்."

முதலாளி சிகரெட் பெட்டியின் அட்டையைக் கிழித்தார். சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, அக்காவிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார்.