மழிக்க மறுத்தவர்

எங்கள் ராகலைத் தேயிலைத் தோட்டத்து நாவிதரின் முன்கையில் ஒரு முடிகூட இருக்காது. கத்தியின் கூர்மையை அங்கேதான் சோதிப்பார்.

என் மகளுக்குத் தொட்டால் சிவக்கும் தோல். முதல் மொட்டைக்கு வந்தவர், வெந்நீர்த் துணியை அவள் தலையில் ஊறவிட்டு, முடி சாய்ந்த பக்கமாகவே மழித்தார். தடவிப் பார்த்தேன், சொரசொரத்தது.

“நேர்த்திக்கடனுங்க. மழுமழுன்னு எடுங்க.”

“பச்ச மண்ணும்மா. எதிர்த்து இழுத்தா தோலு பொரிஞ்சிரும்.”

“வேல தெரியலன்னு சொல்லுங்க.”

“படிச்சவங்க, நீங்களே செஞ்சுக்குங்க” என்று பெட்டியை மூடினார்.

கடன் குறைபடுமோ என்ற பயத்தில், கணவரின் சவரக்கத்தியால் நானே எதிர்த்து இழுத்தேன். மாலைக்குள் தலை முழுவதும் பொரிந்தது.

மறுவாரம் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் வந்தவர் குழந்தையின் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார்.

“சாமி தடவிப் பாத்துச்சாம்மா?”

அந்தக் கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அடுத்த மொட்டைக்கும் அவர்தான் வேண்டும்; எப்படிக் கூப்பிடுவது?